அருவிக்கு முன்னால் அன்றைய பேப்பர்

குற்றாலம்,
ஜூன் 12

அன்பு மகள் சத்யபிரியாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்கால் நீங்கலாக இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. ஐதராபாத்தில் வெயில் தணிந்ததா?

வேலை முடிந்து வந்தால் எந்தத் திரையையும் பார்க்கப் பிடிக்கவில்லை, காகிதத்தில் எழுதுங்கள் என்று நீ சொன்னதால் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவனாயிற்றே, எழுத்து இரண்டு மடங்கு நன்றாக இருக்கும் என்று எதிர்பார்த்துவிடாதே.

முதல் கடிதத்திலேயே ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் அட்மினாக இருக்கும் 'குற்றாலம் இன்று' வாட்ஸ்ஆப் குரூப்பில் ஆயிரம் பேர் இருப்பது உனக்குத் தெரியும். குளிக்கப் போகிறவர்களின் போனையும் பையையும் வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கிற என் கடை மெயின் அருவிக்கு எதிரே இருக்கிறது. அதுதான் எனக்குள்ள ஒரே தகுதி. போன ஞாயிற்றுக்கிழமை லாட்ஜ் சுடலைமுத்து ஒரு வீடியோ அனுப்பினான். தண்ணீர் அருவி முன்னால் கட்டியிருக்கிற ஆர்ச்சைத் தொட்டுக்கொண்டு கொட்டுகிறது. "அண்ணாச்சி, குரூப்புல போட்டுருங்க" என்றான். 'இன்று காலை நிலவரம்' என்று எழுதிப் போட்டுவிட்டேன். கழுத்தைத் திருப்பினால் அருவி. திருப்பவில்லை.

மறுநாள் அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள். அருவியில் நூல் பிடித்தது போல் தண்ணீர். "இதுக்கு எங்க வீட்டுக் குழாயே தேவலையேய்யா!" என்று ஒருவர் என் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு கத்தினார். "அந்த அட்மின் பயல நாலு கேள்வி கேக்கேன் பாரு" என்று நம்பரைப் போட்டார். என் சட்டைப் பையில் மணி அடித்தது.

மீதியை நீயே ஊகித்துக்கொள். கம்பெனியில் நாள் முழுக்க இந்த மாதிரிப் பதிவுகளைப் பார்த்து, கூடாததை நீக்குவதுதானே உன் வேலை? எது மெய், எது பொய் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறாய்? வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷமாயிற்று, நான் கேட்டதே இல்லை. இப்போது தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா சொல்லச் சொன்னாள், நானும் சொல்லுகிறேன்.

அப்பா


ஐதராபாத்,
ஜூன் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாளா, இல்லை உங்களுக்குச் சமைத்துக்கொண்டே நிற்கிறாளா?

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் வைத்துப் படித்தேன். சட்டைப் பையில் மணி அடித்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

என்ன பார்க்கிறேன் என்று வெளியே சொல்ல மாட்டேன் என எழுதிக் கொடுத்திருக்கிறேன் அப்பா, அதனால் அதைக் கேட்காதீர்கள். வேலைக்குள் நுழையும் முன் போனை லாக்கரில் வைத்துவிட்டு டோக்கன் வாங்க வேண்டும். பேனாவும் காகிதமும்கூட உள்ளே கூடாது. என் டோக்கன் 212. அங்கே நீங்கள் வாங்கி வைக்கிறீர்கள், இங்கே நான் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

ஒரு பதிவுக்குச் சில விநாடிதான். அதற்குள் முடிவு செய்ய வேண்டும். உங்களுக்கு அவ்வளவு அவசரம் இல்லை. மூன்று கேள்வி கேளுங்கள்: எப்போது எடுத்தது, எங்கே எடுத்தது, யார் எடுத்தது. மூன்றுக்கும் பதில் வராவிட்டால் போடாதீர்கள்.

நான் எதையும் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பேன். அப்படிப் பார்த்தால் கொஞ்சம் பரவாயில்லை. அருவி இப்போது எப்படிச் சத்தம் போடுகிறது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்யா


குற்றாலம்,
ஜூலை 2

அன்பு மகளுக்கு,

சுகம், சுகம் அறிய ஆவல். சாரல் பிடித்துக்கொண்டது. துண்டு காய மாட்டேன் என்கிறது.

அருவிச் சத்தம் கேட்டிருந்தாய். உன் அம்மா கோபத்தில் போர்வையைக் கல்லில் அடித்துத் துவைப்பாளே, அதைப் போல ஆயிரம் அம்மா ஒரே சமயத்தில் துவைத்தால் எப்படி? அப்படி. கிட்டப் போனால் வேறு எதுவும் காதில் விழாது. எனக்குப் பிடித்ததே அதுதான்.

உன் மூன்று கேள்வியைச் சட்டமாக்கிவிட்டேன். அருவிப் படம் போடுகிறவர் யாரானாலும் அன்றைய பேப்பரைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும். தேதி தெரிய வேண்டும். ஆளைக் கடத்தினவர்கள், அவன் உயிரோடு இருக்கிறான் என்று காட்ட இப்படித்தான் படம் அனுப்புவார்களாம். குரூப்பைத் திறந்தால் ஐந்தருவியை யாரோ கடத்திக்கொண்டு போய்விட்டது போல இருக்கிறது. ஆனால் ஒரு பொய் வீடியோ வரவில்லை. பேப்பர் கடைக்காரர் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்.

இன்னொரு காரியமும் நடந்தது. எங்கள் சந்தில் மங்குஸ்தான், ரம்புட்டான் விற்கிற எப்சிபா இருக்கிறாளே, புருஷன் மஸ்கட்டில் இருக்கிறவள், அவள் குரூப்பில் ஒன்று எழுதினாள். 'லாட்ஜ் பக்கத்தில் பெண்கள் உடை மாற்றும் கட்டண அறையின் பின்சுவரில் ஓட்டை இருக்கு. ஒருத்தன் போனோட அங்கன நின்னதை என் கண்ணால பார்த்தேன். பெண்கள் கவனம்' என்று. அந்த அறை சுடலைமுத்துவுடையது. பத்து நிமிஷத்தில் ஓடி வந்தான். "அண்ணாச்சி, சீசன் நேரம். ஒருத்தி வாயால ஊர் பொழப்பே போயிரும். தூக்குங்க அத" என்றான். நாலு வியாபாரிகளும் கூட நின்றார்கள். தூக்கிவிட்டேன். அட்மின் என்றால் சும்மாவா?

நல்ல காரியம் செய்தேன் என்று நினைக்கிறேன். நீ என்ன சொல்லுகிறாய்?

அப்பா


ஐதராபாத்,
ஜூலை 9

அப்பா,

அவள் சொன்னது பொய்யா? நீங்கள் போய்ப் பார்த்தீர்களா? ஊர்ப் பிழைப்பு போகும் என்பதால் தூக்கினீர்களா, பொய் என்பதால் தூக்கினீர்களா?

இது மட்டும்தான் கேட்க வேண்டியிருந்தது. மற்றது அடுத்த கடிதத்தில்.

சத்யா


குற்றாலம்,
ஜூலை 17

அன்பு மகளுக்கு,

சுகம். நீ என் சுகத்தை விசாரிக்கவில்லை, பரவாயில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் கடிதம் மூன்று வரிதான், ஆனால் சாப்பிட உட்கார்ந்தவனை எழுப்பிவிட்டது. போய்ப் பார்க்கலாம் என்றால் அது பெண்கள் அறை. வயசான காலத்தில் அடி வாங்கி உனக்குத் தந்தி கொடுக்கும் நிலைமை வர வேண்டாம் என்று அம்மாவை அனுப்பினேன். இப்போது தந்தியும் இல்லை. அம்மா சேலை மாற்றுகிறவள் போலப் போய், அரை மணி நேரம் கழித்து வந்தாள்.

"ஓட்டை இருக்கு. சோப்புக் காகிதத்தச் சுருட்டிச் சொருகி வச்சிருக்கான். உள்ள இருந்து சொருகல, வெளிய இருந்து சொருகியிருக்கு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இதத்தான் அழிச்சீரோ?" என்றாள்.

அழித்ததைத் திரும்ப எடுக்க முடியாதாம், அது எனக்குத் தெரியாது. எப்சிபாவிடம் போய், "அம்மா, அத இன்னொரு மட்டம் எழுதிப் போடேன்" என்று கேட்டேன். அவள் தராசைப் பார்த்துக்கொண்டே, "பொறவும் அழிச்சிருவீங்களா அண்ணாச்சி?" என்றாள். மாட்டேன் என்றேன். பதினைந்தாம் தேதி காலையில் போட்டாள்.

அதன் கீழே சுடலைமுத்து ஒரு வரி எழுதினான்: 'பழம் போணி ஆகல, அதான் இவ படம் ஓட்டுதா.' கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதன் கீழே வந்தது எதுவும் சிரிப்பாக இல்லை. நாற்பது பேர் சிரிப்பு மூஞ்சி போட்டார்கள். அப்புறம் அவளைப் பற்றி என்னென்னவோ. மத்தியானத்துக்குள் பேர் தெரியாத நம்பரிலிருந்து ஒரு படம். எப்சிபாவின் முகம், வேறு யாருடைய உடம்போ. 'வீடியோ எடுத்து விக்கிறவளே இவதான்' என்று கீழே எழுத்து. அந்தப் படத்தை உடனே எடுத்துவிட்டேன். அதற்குள் செங்கோட்டை வரை போய்விட்டதாம்.

மற்றதை என்ன செய்வது? ஒன்றைத் தூக்கினால் 'கருத்துச் சுதந்திரம் எங்கே, இங்கே சர்வாதிகாரமா?' என்கிறார்கள். என்னைச் சர்வாதிகாரி என்று இதுவரை யாரும் சொன்னதில்லை; வீட்டுக்கு வந்து பார்த்தால் அவர்களும் சொல்ல மாட்டார்கள். தூக்காவிட்டால் ஒரு பொம்பளை சந்தில் நடக்க முடியவில்லை. எதைக் களையென்று பறிக்க, எதைப் பயிரென்று விட? உங்கள் கம்பெனியில் கோடு எங்கே போட்டிருக்கிறார்கள்?

சீக்கிரம் எழுது.

அப்பா


குற்றாலம்,
ஜூலை 30

மகளுக்கு,

சுகமா? பதில் வரவில்லை. தபால்காரரைத் தினமும் கேட்டு, இப்போது அவரே என்னைக் கண்டதும் தலையை ஆட்டிவிடுகிறார். போனில் "வேலை ஜாஸ்திப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். நீ என்ன சாப்பிட்டாய் என்று சொல்லவில்லையாம். அம்மா அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எப்சிபா கடையைத் தார்ப்பாயால் மூடிவிட்டாள். புருஷன் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டு, 'கடையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், வீட்டுல இரு' என்றானாம். இரண்டு கூடைப் பழம் உள்ளே அழுகுகிறது. என் கவுண்டருக்கு வாசம் வருகிறது.

அப்பா


ஐதராபாத்,
ஆகஸ்ட் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

மன்னித்துக்கொள்ளுங்கள். நாலு நாள் லீவில் இருந்தேன். காய்ச்சல் எதுவும் இல்லை. விடுதி அறையில் படுத்திருந்தேன், அவ்வளவுதான். இப்போது வேலைக்குப் போகிறேன். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இன்று உப்புமா.

நீங்கள் கேட்ட கோட்டை என் வார்த்தையில் சொல்லுகிறேன், கம்பெனி வார்த்தையில் இல்லை. சுவரைப் பற்றிச் சொன்னால் விடுங்கள். சுவரில் ஓட்டை இல்லை என்று சுடலைமுத்து மாமா சொன்னாலும் விடுங்கள். அது பொய்யானால் பொய் என்று கீழே காட்டுங்கள். கோபமாகச் சொன்னாலும், உங்களைத் திட்டினாலும் இருக்கட்டும். ஆனால் அவள் உடம்பைப் பற்றி, அவள் மானத்தைப் பற்றிச் சொன்னது எல்லாம் போக வேண்டும். அந்தப் படத்தை யாரும் அனுப்பாதீர்கள் என்று சொல்லி, அவளைப் போலீஸில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்களும் கூடப் போங்கள்.

இன்னொன்று. நான் தினமும் இப்படி எத்தனையோ பேரைப் பார்க்கிறேன். பட்டனை அமுக்குவேன், பதிவு போய்விடும். அடுத்தது வந்துவிடும். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வழி கிடையாது. அவளுக்காக ஒருத்தி இங்கே உட்கார்ந்திருந்தாள் என்பதே அவளுக்குத் தெரியாது. உங்களுக்கு அப்படி இல்லை அப்பா. நாலு கடை தள்ளி நடந்தால் போதும்.

முதலில் சிரித்தவர் யார் என்றும் பாருங்கள். திட்டுகிறவன் எந்த ஊரிலும் ஒருத்தன் இருப்பான். யாரும் சிரிக்காவிட்டால் அது அப்படியே கிடக்கும். முதல் சிரிப்பு விழுந்த பிறகுதான் மற்றவர்கள் வருவார்கள். திட்டினவனைவிட அந்த ஆள் மேல்தான் எனக்குக் கோபம் வரும்.

சாரலில் நனையாதீர்கள்.

சத்யா


குற்றாலம்,
ஆகஸ்ட் 13

அன்பு மகளுக்கு,

சுகம். உப்புமா என்று படித்ததும் அம்மா, "அது ஒரு சாப்பாடா?" என்றாள். ஆனால் முகம் தெளிந்துவிட்டது.

கடை மூடியிருப்பதால் நாலு கடை தள்ளி நடந்து பிரயோஜனம் இல்லை. இலஞ்சியில் அவள் வீட்டுக்கே நானும் அம்மாவும் போனோம். "எப்சிபா, கடையத் தொறம்மா" என்றேன்.

"தொறந்தா வாரவன் பழத்தையா பாக்கான்? கையில இருக்க போன ஒரு மட்டம் பாக்கான், பொறவு என்னப் பாக்கான்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மொதல்ல அழிச்சதும் நீங்க. பொறவு போடுன்னு சொன்னதும் நீங்க. அவனுவ அத்தன பேரும் எழுதும்போது நீங்க எங்க போனீங்க அண்ணாச்சி?"

"டவர் கெடைக்கலம்மா" என்றேன்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "சரி, எந்திரி, ஸ்டேஷனுக்குப் போவோம்" என்று அவளைக் கிளப்பினாள். எழுதிக் கொடுத்தோம். அந்த நம்பரை விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வந்து உட்கார்ந்து, நீ சொன்னபடி ஒவ்வொன்றாகப் பறித்தேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒன்றைப் படித்து முடித்து அடுத்ததற்குப் போவதற்குள் எழுந்து போய் வாசலில் நின்றுவிட்டு வந்தேன். சில விநாடிதான் என்று நீ எழுதியிருந்தாய். அதை நினைத்துக்கொண்டேன்.

ஓட்டையே இல்லை என்று சுடலைமுத்து பிறகு எழுதியிருந்ததை மட்டும் விட்டுவைத்தேன். அதற்குக் கீழே நம் சட்டப்படி ஒரு படம். இடது கையில் அன்றைய பேப்பர், வலது கை ஆட்காட்டி விரல் ஓட்டை மேல், உன் அம்மா. எடுத்தது எப்சிபா. எப்போது, எங்கே, யார், மூன்றும் சரி. மறுநாள் அவன் சிமெண்டு பூசிவிட்டு, "எங்க ஓட்டை, காட்டுங்க பாப்போம்" என்றான். பேப்பரில் தேதி இருக்கிறதே! அம்மா இப்போது ஊரில் பெரிய ஆள். என்னைப் 'பாலம்மாள் வீட்டுக்காரர்' என்கிறார்கள்.

நான் குரூப்பில் குரலிலும் பேசிப் போட்டேன். 'எப்சிபா சொன்னது மெய். அவளைப் பற்றி வந்த படம் பொய். வைத்திருப்பவர்கள் அழியுங்கள். எழுதினவர்களும் வெட்கப்பட வேண்டும், சிரித்தவர்களும் வெட்கப்பட வேண்டும்' என்று. நூற்று எண்பது பேர் குரூப்பை விட்டுப் போய்விட்டார்கள், சுடலைமுத்து உட்பட. நான் யாரையும் தள்ளவில்லை. அந்தப் பேர் தெரியாத நம்பரைத் தவிர.

திங்கட்கிழமை காலை தார்ப்பாய் விலகியது. முதல் போணி நான்தான். இரண்டு கிலோ ரம்புட்டான்.

அப்பா


ஐதராபாத்,
ஆகஸ்ட் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உண்மையாகவே நலம். அம்மாவின் விரலையும் பேப்பரையும் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன்.

எப்சிபா அக்கா கடையைத் திறந்த வரியை நாலு தடவை படித்தேன். இங்கே பட்டனை அமுக்கின பிறகு அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று எங்களுக்குத் தெரிய வராது. முதல் தடவையாக ஒன்று தெரிந்திருக்கிறது.

செப்டம்பரில் பத்து நாள் லீவு கேட்டிருக்கிறேன். வேறு பிரிவுக்கு மாற்றவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அருவியில் ஆள் இல்லாத நேரம் எது? கிட்டப் போய் நிற்க வேண்டும், வேறு எதுவும் காதில் விழாத இடமாக.

எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டீர்கள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள். முதலில் சிரித்தது யார்?

சத்யா


குற்றாலம்,
ஆகஸ்ட் 29

அன்பு மகளுக்கு,

இங்கே சுகம். நீ வருகிறாய் என்றதும் அம்மாவின் முழங்கால்கூடச் சுகம்.

ஆள் இல்லாத நேரம் விடியற்காலை ஐந்தரை. செப்டம்பரில் தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஆனால் சத்தம் இருக்கும். உன் போனை என் கவுண்டரில் கொடுத்துவிட்டுப் போ. 212 வரை என்னிடம் டோக்கன் கிடையாது, ஒன்றாம் நம்பரை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நில். என்ன பார்த்தாய் என்று நானும் கேட்க மாட்டேன், அம்மாவையும் கேட்க விட மாட்டேன்.

நம் வீட்டில் இப்போது எங்கே கை வைத்தாலும் ரம்புட்டான். எப்சிபாவிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று நாலு தடவை போனேன். நாலு தடவையும், "அண்ணாச்சி, என்ன வேணும்?" என்றாள். நாலு தடவையும் ஒரு கிலோ என்றேன். நேற்று எடை போட்ட பிறகு கையில் ஒரு பழம் அதிகம் வைத்தாள். அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ. சுடலைமுத்துவின் அந்த ஒரு வரியைப் பறித்தபோது அதன் கீழே இருந்த சிரிப்பு மூஞ்சிகளும் சேர்ந்து போய்விட்டன. அதற்கு முன்னால் அவள் எத்தனை தடவை யார் யார் சிரித்தது என்று எண்ணிப் பார்த்திருப்பாள் என்று எனக்கு என்ன தெரியும்?

உன் கேள்விக்கு உன் சட்டப்படியே பதில் எழுதுகிறேன்.

எப்போது: ஜூலை பதினைந்து, காலை பத்தரை. சுடலைமுத்து எழுதி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எங்கே: மெயின் அருவிக்கு எதிர்க் கடை, கவுண்டருக்கு உள்ளே. டவர் நாலு கோடும் இருந்தது. அன்றைய பேப்பர் மடியில் கிடந்தது. யார் என்றால், கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறவன்தான். அவளிடம் இன்னும் வாயால் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ப. குற்றாலிங்கம்